பூக்கடைக்கும் விளம்பரம் வேண்டும்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

“பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?” என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. பூந்தமல்லிக் கடைத்தெருவில் மல்லிகைக் கூடையை இறக்கி வைத்தால் அடுத்த தெருவில் இருப்பவருக்கும் மணம் சென்று சேரும். அங்கே பலகை எழுதி மாட்ட வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனால் இன்று பூ வாங்குபவர் அடுத்த தெருவில் இல்லை. அவர் ஆவடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடியில் அமர்ந்து கைப்பேசியின் கண்ணாடிமேல் விரலை ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கண்ணாடியின் வழியே மணம் வருவதில்லை. சேலையின் மென்மையும் வருவதில்லை. வருவன இரண்டே: எழுத்தும் படமும். இவ்விரண்டையும் ஒழுங்காக அமைத்து, நம் சரக்கை நாடுவோர் கண்ணில் படும்படி செய்வது எங்ஙனம் என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சரக்கு நல்லதாயிருந்தால் வாங்குவோர் தாமே தேடி வருவர் என்ற நம்பிக்கை நம் சங்கங்களில் வேரூன்றிய ஒன்று. சங்கங்களின் இருப்புப் பதிவேட்டைப் புரட்டுகிறவர்களுக்கு அந்த நம்பிக்கையின் விலை தெரியும். விற்காத சேலை அலமாரியில் வெறுமனே உறங்குவதில்லை. அதில் சங்கத்தின் நடைமுறை மூலதனம் முடங்கிக் கிடக்கிறது. வங்கிக் கடனுக்கு வட்டி ஏறுகிறது. அடுத்த பாவுக்கு நூல் கொள்முதல் செய்யப் பணம் இல்லாமற் போகிறது. முடிவில் நூல் பெறாத அங்கத்தினரின் தறி நின்றுவிடுகிறது. தீபாவளித் தள்ளுபடி விற்பனையை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் நெய்கிற சங்கம் இந்தச் சுழலிலிருந்து மீள்வது கடினம். ஆகவே விளம்பரம் என்பதை ஆடம்பரச் செலவாக எண்ணாமல், நூல் வாங்குவதுபோல் தொழிலின் ஓர் அங்கமாகவே கருதவேண்டும்.

விளம்பரம் என்றவுடன் அலங்காரச் சொற்களை அடுக்குவது என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. நம் சென்னைப் பகுதித் துணி ஒன்றின் வரலாறே இதற்குச் சான்று.

சாயம் போன துணியின் கதை

1958-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் ஜேக்கப்சன் என்ற துணி இறக்குமதியாளர், கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கட்டம் போட்ட கைத்தறித் துணியைப் பெருமளவில் வாங்கினார். பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவியவர் இந்த நாயர்தான். அப்போது அவர் கைத்தறி ஏற்றுமதியில் ஈடுபட்டிருந்தார். ‘மெட்ராஸ்’ என்று நம் ஊர்ப் பெயராலேயே உலகம் அழைத்த துணி அது. அதன் சாயம் தண்ணீரில் கசியும் இயல்புடையது. குளிர்ந்த நீரில் தனியாக, மென்மையாக அலசவேண்டும். வாங்கியவரிடம் இதைச் சொல்லித்தான் கொடுத்ததாக நாயர் பின்னாளில் கூறியுள்ளார். ஆனால் அந்தச் செய்தி, துணியைச் சட்டையாகவும் அங்கியாகவும் தைத்து விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற புகழ்பெற்ற கடையின் வாடிக்கைக்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் மற்றத் துணிகளோடு சேர்த்து இயந்திரத்தில் துவைத்தார்கள். சாயம் ஒன்றோடொன்று கலந்தது, புகார்கள் குவிந்தன, வழக்குத் தொடுப்பதாகப் பேச்சு எழுந்தது.

அடுத்து நடந்ததுதான் நாம் கவனிக்கவேண்டியது. சாயத்தை மறைக்கவோ, வேறு பெயரிட்டு விற்கவோ முயலாமல், அந்தத் துணியின் இயல்பை உள்ளபடி எடுத்துச் சொல்ல ஏற்பாடாயிற்று. ‘செவன்டீன்’ என்ற அமெரிக்க மாத இதழில் இத்துணியைப் பற்றிய கட்டுரை வெளியாயிற்று. இந்தியாவில் கையால் நெய்த துணி இது. துவைக்கத் துவைக்க இதன் வண்ணங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து புதுத் தோற்றம் கொள்ளும். ஆகவே ஒருவர் சட்டையைப்போல் இன்னொருவர் சட்டை இராது என்று வாசகர்களுக்கு விளங்கியது. அதன்பின் சாயம் போவது உறுதி என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். குறையென்று திரும்பி வந்த துணியைக் கடைகள் கேட்டு வாங்கலாயின.

இதில் துணி மாறவில்லை. நெய்தவரும் மாறவில்லை. துணியைப் பற்றி வாங்குவோருக்குத் தெரிந்திருந்தது மட்டுமே மாறியது. இக்காலத்தார் ‘உள்ளடக்க விளம்பரம்’ என்று புதுப்பெயரிட்டு அழைப்பது இதைத்தான்: விற்பனைக்கூச்சல் இன்றி, வாங்குபவருக்குப் பயன்படும் உண்மையை எழுதி அதன் வாயிலாக வாங்கத் தூண்டுவது. ஆனால் ஒன்று: துவைக்கும் முறையை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு ஒவ்வொரு சட்டையோடும் போயிருந்தால் முதலில் எழுந்த சச்சரவே நேர்ந்திராது. இன்றும் நம் சேலைகளில் எத்தனை அத்தகைய சீட்டுடன் போகின்றன என்பதை நிர்வாகக் குழுக்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பதிவேட்டில் உள்ள செல்வம்

“எழுதுவதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது?” என்று சங்கச் செயலாளர்கள் கேட்பதுண்டு. மற்ற வியாபாரிகளிடம் இல்லாதது கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறது, அதுதான் பதிவேடு. எந்த நூலகத்தில் எந்த எண் நூல் எப்போது வாங்கப்பட்டது, யாருக்குப் பாவு வழங்கப்பட்டது, எத்தனை நாளில் சேலை திரும்பி வந்தது, கூலி எவ்வளவு அளிக்கப்பட்டது என்பவை யாவும் நம்மிடம் எழுத்தில் உள்ளன. பெரிய கடைக்காரர் ஒருவர் தம் சேலையை நெய்தவர் யாரென்று கேட்டால் விழிப்பார். நம் சங்கமோ ஐந்து நிமிடத்தில் பக்கத்தைப் புரட்டிக் காட்டிவிடும்.

1935-ஆம் ஆண்டில் தோன்றி, பட்டாம்பூச்சிச் சின்னத்தால் நாடெங்கும் அறிமுகமான நம் தலைமைச் சங்கம் கோ-ஆப்டெக்ஸ் இந்த உண்மையை உணர்ந்தே, நெசவாளரின் படமும் பெயரும் கொண்ட அட்டையைச் சேலையுடன் இணைக்கும் வழக்கத்தை மேற்கொண்டது. சேலை வாங்கியவர் வீட்டுக்குச் சென்று அந்த அட்டையைப் பலருக்கும் காட்டுகிறார். இதற்குமேல் ஒரு விளம்பரம் வேண்டுமா? அங்கத்தினரின் சம்மதம் பெற்று இதைத் தொடக்கச் சங்கங்களும் செய்யலாம். சம்மதம் என்று சொன்னதை வற்புறுத்த விரும்புகிறேன். பெயரும் படமும் போதும், வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டாம்.

இணையத்தில் ஒரு சேலைக்கு என்ன எழுதலாம்? “அழகான, தரமான, நேர்த்தியான கைத்தறிச் சேலை” என்று எழுதுகிறார்கள். இம்மூன்று சொற்களையும் எவரும் எதற்கும் எழுதலாம். ஆகவே அவை எதையும் தெரிவிப்பதில்லை. மாறாக இப்படி எழுதிப் பார்க்கவும்: “கைத்தறிப் பருத்திச் சேலை. நீளம் ஐந்தரை மீட்டர். ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர் தனி. பாவும் ஊடையும் 80-ஆம் எண் நூல். கோடையில் அலுவலகத்துக்கு அணிய ஏற்ற மெல்லிய துணி. கஞ்சி இட்டது, இரண்டு சலவைக்குப்பின் மென்மை கூடும். முதல் சலவையில் குளிர்ந்த நீரில் தனியாக அலசவும். நிழலில் உலர்த்தவும். நெய்ய இரண்டு நாள் ஆயிற்று.” இதில் ஓர் அலங்காரச் சொல்லும் இல்லை. ஆயினும் வாங்குபவர் மனத்தில் எழும் கேள்விகளுக்கெல்லாம் விடை இருக்கிறது. கேள்விக்கு விடை கிடைத்தவர் விலையைப் பார்க்கிறார். கிடைக்காதவர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

நமக்குப் பழகிய சொற்கள் பிறருக்குப் புதியவை என்பதையும் மறக்கலாகாது. எண்பதாம் எண் நூல் என்றால் நமக்குப் புரியும். 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எண்பது சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. எண் ஏற ஏற நூல் மெலியும் என்று நகரத்துப் பெண்மணி ஒருவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? கோர்வை என்ற சொல்லும் அப்படியே. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக வரும்படி மூன்று நாடாக்களை ஓட்டி, பக்கத்தில் ஓர் உதவியாளும் இருந்து நெய்வது அது. விலை ஏன் கூடுகிறது என்பதற்கு அந்த ஒரு வாக்கியம் போதும். இத்தகைய விளக்கங்களை ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக எழுதிச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் வைத்தால், அவற்றைப் படிக்க வருவோரில் ஒரு பகுதியினர் துணியையும் பார்ப்பர். ஒருமுறை எழுதியது பல ஆண்டுகள் பயன் தரும். பத்திரிகை விளம்பரம்போல் மறுநாள் பழையதாகிவிடாது.

கைத்தறி எது, விசைத்தறி எது என்று கண்டறியும் வழியையும் அவசியம் எழுதவேண்டும். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய நெசவு ஊர்களில் விசைத்தறியின் ஓசை பெருகியிருப்பதை நாம் அறிவோம். விசைத்தறியில் நெய்பவரும் உழைப்பாளிகளே. அவர்களிடம் நமக்குப் பகையில்லை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி இணையத்தில் விற்பதுதான் கேடு. சில இரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கிய சட்டம் 1985-லேயே வந்துவிட்டது. கைத்தறி முத்திரை 2006-ல் வந்தது. இவ்வளவு இருந்தும், கைப்பேசியில் படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறவே செய்கிறார். நெய்யும்போது துணியை அகலத்தில் விரித்துப் பிடிக்கும் குச்சியின் ஊசித்துளைகள் கரையோரத்தில் தெரியும் என்பதைப் படத்துடன் எழுதி வைத்தால், அதுவே நம் துணிக்குப் பெரிய பரிந்துரை. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம் முதலிய புவிசார் குறியீடு பெற்ற பெயர்களைப் பயன்படுத்த விரும்புவோர், அவற்றுக்குரிய பயனாளராகப் பதிவு பெற்ற பின்னரே பயன்படுத்துதல் முறை. நம் பெயரைப் பிறர் கவர்வதைக் கண்டிக்கும் நாம் பிறர் பெயரைக் கவரலாகாது.

தேடுபவர் வாயில் வரும் சொல்

இனி, எழுதியது கண்ணில் படுவது எப்படி என்று பார்ப்போம். கூகிள் முதலிய தேடுபொறிகள் இணையத்தில் உள்ள பக்கங்களை ஓயாமல் படித்து, நூலகத்தில் அட்டவணை தயாரிப்பதுபோல் ஒரு பெரும் அட்டவணை வைத்திருக்கின்றன. ஒருவர் ஒன்றைத் தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமான பக்கங்களை எடுத்து வரிசையாகக் காட்டுகின்றன. ஆகவே, தேடுபவர் எழுதும் சொல் நம் பக்கத்தில் இருக்கவேண்டும்.

இங்கேதான் நம்மவர் தவறுகின்றனர். சங்கத்தின் சரக்குப் பட்டியலில் சேலைக்கு ஓர் எண்ணும் இரகக் குறியும் இருக்கும். அதையே இணையத்திலும் தலைப்பாக இடுகிறார்கள். எந்த வாடிக்கைக்காரரும் இரகக் குறியைத் தேடமாட்டார். அவர் “காட்டன் சேலை”, “ஆபீசுக்குக் கட்டும் சேலை”, “கல்யாண வேட்டி”, “அம்பத்தூரில் கைத்தறிக் கடை” என்று தாம் பேசும் மொழியில் தேடுகிறார். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதித் தேடுவோரும் மிகப் பலர். விற்பனையாளர் ஒரு வாரம் கடைக்கு வருவோர் கேட்கும் சொற்களை அப்படியே ஒரு நோட்டில் குறித்து வந்தால், எந்த நிபுணரும் தர முடியாத பட்டியல் கிடைத்துவிடும். அச்சொற்களைத் தலைப்பிலும் முதல் வாக்கியத்திலும் இயல்பாக அமைத்தால் போதும். ஒரே சொல்லை இருபது தடவை திணிக்கும் தந்திரம் ஒரு காலத்தில் பலித்தது. இப்போது அதைத் தேடுபொறிகள் கண்டுபிடித்துப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. படிப்பவருக்கும் அது எரிச்சலே.

இன்னொரு பிழை. சங்கங்கள் தள்ளுபடி அறிவிப்பை அழகிய படமாகத் தயாரித்து, தேதி, இடம், விலை எல்லாவற்றையும் அந்தப் படத்துக்குள்ளேயே எழுதிவிடுகின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. அதே செய்தியை எழுத்தாகவும் கீழே இடவேண்டும். படக்கோப்புக்குக் காமிரா தந்த எண்ணை விட்டுவிடாமல் “சிவப்புக் கரைப் பருத்திச் சேலை” என்பதுபோல் பெயரிட்டு, படத்தைக் காண இயலாதவருக்காக அதை விவரிக்கும் ஒரு வரியையும் சேர்க்கவேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் கருவி அந்த வரியைப் படித்துக் காட்டும். தேடுபொறியும் அதைக் கொண்டே படத்தை அறிகிறது. ஒரு வரியில் இரண்டு பயன்.

காலத்தையும் கருதவேண்டும். புதிய பக்கம் அட்டவணையில் ஏறி முன்வரிசைக்கு வரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். தீபாவளிக்கு முந்தின வாரம் எழுதிய பக்கம் பொங்கலுக்குத்தான் உதவும். ஆடியில் எழுதுங்கள். ஆகஸ்டு 7-ஆம் நாள் 2015 முதல் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுவதால், அவ்வாரத்தில் கைத்தறியைப் பற்றித் தேடுவோர் இருப்பர். அதற்குள் நம் பக்கங்கள் தயாராயிருத்தல் நலம்.

மூன்று பெயர் கொண்ட ஊர்

வெளியூரில் இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. பூந்தமல்லி என்கிறோம், பூவிருந்தவல்லி என்றும் எழுதுகிறோம், ஆங்கிலத்தில் எழுதும்போது அது ‘பூனமல்லி’ ஆகிவிடுகிறது. ஒரு சங்கத்தின் பெயர்ப்பலகையில் ஒன்றும், ரசீதில் மற்றொன்றும், இணைய வரைபடத்தில் மூன்றாவதும் இருந்தால் இயந்திரம் அவற்றை மூன்று வெவ்வேறு ஸ்தாபனங்களாக எண்ணக்கூடும். பெயரை ஒரே வடிவில் எங்கும் வைத்துக்கொண்டு, பிற வழக்குகளை விளக்கவுரையில் ஒருமுறை குறித்தல் தக்கது.

முகவரியும் அவ்வாறே. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்துவிட்டது. ஆவடி 2019-ல் தானே மாநகராட்சியாகிவிட்டது. ஆயினும் நகராட்சிக் காலத்து முகவரியை அச்சிட்ட உறைகளும் முத்திரைகளும் இன்னும் புழங்குகின்றன. அந்த முகவரியே இணையத்திலும் ஏறியிருக்கிறது. இதைத் திருத்த ஒரு பிற்பகல் போதும்.

கூகிள் வரைபடத்தில் ஸ்தாபனத்தைப் பதிவு செய்வது இலவசம். சங்கத்தின் விற்பனை நிலையம் அங்கே ஏற்கெனவே யாராலோ சேர்க்கப்பட்டுக் கேட்பாரற்றுக் கிடக்கலாம்; அதை உரிமை கோரிச் சரிபார்த்துக்கொள்ளலாம். தேடுபவருக்குக் கடைகளைக் காட்டும்போது பொருத்தம், தொலைவு, பெயர் பெற்ற அளவு ஆகிய மூன்றையும் கருதுவதாக அந்நிறுவனமே சொல்கிறது. தொலைவை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் உள்ளன. கடை திறக்கும் நேரம், மதிய இடைவேளை, விடுமுறை நாள் ஆகியவற்றைச் சரியாகப் பதியவேண்டும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்று நம்பித் திருநின்றவூரிலிருந்து பேருந்தேறி வந்தவர் பூட்டைக் கண்டால் ஒரு நட்சத்திரம் கொடுத்துப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அத்தகைய விமர்சனங்களுக்குக் கோபமின்றி, காரணம் கூறி, சங்கத்தின் பெயரால் பதில் எழுதவேண்டும். பதிலைப் படிப்பவர் புகார் எழுதியவர் மட்டுமல்லர்.

நல்ல விமர்சனம் வேண்டுமென்று அங்கத்தினர்களே வாடிக்கைக்காரர் வேடம் பூண்டு எழுதுவது கூடவே கூடாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் விற்பவர் இவ்வாறு செய்வதைத் தடை செய்கின்றன. வாங்கிச் சென்றவரிடம், விருப்பமிருந்தால் எழுதுமாறு பணிவுடன் கேட்பதில் தவறில்லை.

படம் எடுத்தலைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்கு வடக்குப் பார்த்த சன்னலருகே, விளக்கை அணைத்துவிட்டுச் சாதாரணக் கைப்பேசியில் எடுத்தால் நிறம் உள்ளபடி விழும். முழுச் சேலை, முந்தானை, கரை, பின்புறம் என நான்கு படங்கள் போதும். நிறத்தை மெருகேற்றும் வசதிகளைத் தொடவேண்டாம். அரக்கு நிறம் என்று பார்த்து வாங்கியவருக்குச் செங்கல் நிறம் போய்ச் சேர்ந்தால் சேலை திரும்பி வரும், இருவழி அஞ்சற் செலவும் சங்கத்தின் தலைமேல் விழும்.

தோட்டத்துச் சரக்கு

மேற்கூறியவை நெசவாளர் சங்கங்களுக்கு. செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியும் பூந்தமல்லிக்கு அப்பாலும் பூவும் கீரையும் காய்கறியும் பயிரிடும் அங்கத்தினர்களின் நிலை வேறு. சேலை ஆறு மாதம் காத்திருக்கும். அரைக்கீரை மாலைவரைகூடக் காத்திராது. ஆகவே நீண்ட கட்டுரைகளும் அழகிய பக்கங்களும் அவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படமாட்டா. அவர்களுக்கு வேண்டுவது அன்றாடச் செய்தி: இன்று என்ன அறுவடை, என்ன விலை, எத்தனை மணிக்கு, எங்கே.

1996 முதல் கோயம்பேட்டு அங்காடியே நம் பகுதிச் சரக்கின் போக்கிடமாக இருந்து வருகிறது. 1999-ல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் இடைத்தரகர் இல்லாமல் விற்க வழி செய்தது. இவ்விரண்டுக்கும் துணையாக, வாட்ஸ்அப்பின் வணிகச் செயலியில் ஒரு சிறு பட்டியலை வைத்துக்கொண்டு, அருகிலுள்ள குடியிருப்புச் சங்கங்களுடன் தொடர்பு கொள்ளலாம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் வயல்கள் இருந்த இடத்தில் எழுந்துள்ள குடியிருப்புகள் நம் நிலத்தைக் குறைத்தன என்று வருந்துகிறோம். வாங்குவோரை வாசலுக்கே கொண்டு வந்தவையும் அவையே. மாலை ஆறு மணிக்கு மறுநாள் பட்டியலை அனுப்பி, இரவு ஒன்பதுக்குள் தேவையைக் கேட்டு, விடியலில் அந்த அளவே பறித்துக் கொடுத்தால் மிச்சமும் அழுகலும் குறையும். விருப்பம் தெரிவித்தவருக்கு மட்டும், நாளுக்கு ஒரு செய்தி. இரவு பதினொரு மணிக்குக் கத்தரிக்காய் விலை அனுப்புகிறவரின் எண்ணை மக்கள் தடை செய்துவிடுவர்.

தோட்டத்துக்கு வாடிக்கைக்காரர் நேரில் வருவதில்லையெனில் வரைபடத்தில் வீட்டு முகவரியைக் காட்டாமல், சரக்கு கொண்டு சேர்க்கும் பகுதிகளை மட்டும் குறிக்கவும் வசதி உண்டு.

‘இயற்கை விளைச்சல்’, ‘ஆர்கானிக்’ என்ற சொற்களை விளையாட்டாகப் பயன்படுத்தவேண்டாம். பொட்டலத்தில் அடைத்து அப்பெயரிட்டுக் கடைகளுக்கு விற்பதற்கு, 2017-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி உரிய சான்று தேவை. சான்று இல்லாதவர் உள்ளதைச் சொல்லட்டுமே: “இந்தக் கத்தரிக்குத் தொழுவுரம் இட்டோம், பூச்சி கண்டபோது ஒருமுறை மருந்து தெளித்தோம், தெளித்துப் பதினைந்து நாள் கழித்தே பறித்தோம்.” சாயம் போகும் என்று சொல்லியே விற்ற துணியின் கதை இதற்கும் பொருந்தும்.

சாவி யாரிடம்?

ஆய்வாளன் என்ற முறையில் நிர்வாகக் குழுக்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. சங்கத்தின் இணையக் கணக்குகள் பெரும்பாலும் ஆர்வமுள்ள ஓர் இளம் எழுத்தர் தம் சொந்தக் கைப்பேசியில், தம் சொந்த மின்னஞ்சலில் தொடங்கியவை. அவர் வேறு வேலைக்குப் போனதும் கடவுச்சொல்லும் போய்விடுகிறது. பல ஆண்டுகள் சேர்த்த வாடிக்கைக்காரர் பட்டியலும் விமர்சனங்களும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுகின்றன. சங்கம் புதிதாகத் தொடங்கவேண்டியதாகிறது. பணப்பெட்டிச் சாவியை இப்படி விடுவோமா? சங்கத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் தொடங்கவேண்டும். எல்லாக் கணக்குகளும் அதன் கீழ் இருக்கவேண்டும். தீர்மானப் புத்தகத்தில் யார் கையாளலாம் என்று பதியவேண்டும். கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் இரும்புப்பெட்டியில் வைக்கவேண்டும். கையாள்பவர் மாறும்போது கடவுச்சொல்லும் மாறவேண்டும். இணைய முகவரிக்கான ஆண்டுக் கட்டணம் எந்த மாதம் கட்டவேண்டும் என்பதையும் தவணைப் பதிவேட்டில் குறிக்கவும். கட்டத் தவறினால் அந்த முகவரி பிறர் கைக்குப் போய்விடக்கூடும்.

“உங்கள் சங்கத்தைக் கூகிளில் முதல் இடத்துக்குக் கொண்டு வருகிறோம்” என்று தொலைபேசியில் அழைத்து முன்பணம் கேட்பவர்கள் உண்டு. முதல் இடத்துக்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகிள் நிறுவனமே அறிவித்திருக்கிறது. கட்டண விளம்பரம் கெட்டதன்று. கண்காட்சி, தள்ளுபடி விற்பனை போன்ற குறுகிய காலத் தேவைக்கு, சுற்றிலும் பத்து கிலோமீட்டர் என்று எல்லை வகுத்து, நாளுக்கு இவ்வளவு என்று வரம்பிட்டுச் செய்யலாம். ஆனால் இலவசமாக ஆகக்கூடிய காரியங்களை முதலில் முடித்துவிட்டே பணத்தை எடுக்கவேண்டும். நம் பக்கம் வரிசையில் எங்கே நிற்கிறது என்று பார்க்க நம் கைப்பேசியையே நம்பவும் கூடாது. நாம் அடிக்கடி பார்ப்பதை அது நமக்கு முன்னே காட்டக்கூடும். வேறொருவர் கைப்பேசியில், வேறு ஊரிலிருந்து தேடச் சொல்லிக் கேட்பதே சரியான சோதனை.

பெரிய இணைய அங்காடிகளில் சேர்வதா, சொந்தப் பக்கம் வைப்பதா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அங்காடியில் கூட்டம் உண்டு. ஆனால் கழிவுத்தொகை உண்டு, வாடிக்கைக்காரரும் அங்காடிக்கே உரியவராகிவிடுகிறார். மத்திய அரசின் முயற்சியால் உருவான ஓ.என்.டி.சி. வலைப்பின்னல், அரசு அலுவலகங்கள் கொள்முதல் செய்யும் ஜெம் தளம் ஆகியவையும் உள்ளன. பள்ளிச் சீருடை, மருத்துவமனை விரிப்பு போன்றவை நெய்யும் சங்கங்கள் ஜெம் தளத்தை ஆராயலாம். என் கருத்தில், சிறு சங்கம் எங்கு விற்றாலும் தன் கதையைத் தன் சொந்தப் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது. வாடகைக் கடை கைமாறினாலும் சொந்தத் திண்ணை நிலைக்கும்.

1904-ஆம் ஆண்டில், இதே மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவு பெற்றபோது, கணக்கு எழுதப் பழகுவதே அங்கத்தினருக்குப் புதிய வித்தையாக இருந்திருக்கும். இன்று அதில் நாம் தேர்ந்திருக்கிறோம். அந்தத் திறமையை இங்கும் பயன்படுத்தலாம். விற்பனைப் பதிவேட்டில் ஒரு புதிய பத்தியைக் கோடிட்டு, “எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?” என்று வாங்குவோர் ஒவ்வொருவரையும் கேட்டு எழுதி வரவேண்டும்: வரைபடம், வாட்ஸ்அப், உறவினர் சொல், வழிப்போக்கு என்று நான்கு குறிகள் போதும். மூன்று மாதம் கழித்து அந்தப் பத்தியைக் கூட்டிப் பார்த்து, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முன்வைக்கவும். எதற்கு நேரமும் பணமும் செலவிடுவது, எதை விட்டுவிடுவது என்பதை அந்த எண்களைக் கொண்டு குழு முடிவு செய்யலாம்.